கதவு பெஞ்சாகும் விதம்: பழைய மரத்தில் வீட்டுச் சாமான் செய்யத் தொடங்குவோருக்கு

எந்தத் தெருவில் பழைய வீட்டை இடித்தாலும் வாசலில் ஒரு குவியல் சேர்ந்துவிடும். கதவு, நிலை, சன்னல் சட்டம், பரண் பலகை, சமையலறைக் கடப்பாக்கல், துருப்பிடித்த கட்டில் என்று எல்லாம் அதில் கிடக்கும். பழைய சாமான்காரர் வண்டியில் ஏற்றுவதற்குள் பார்த்தால், அதில் பாதி இன்னும் ஐம்பது வருடம் உழைக்கக்கூடிய பொருள். அதைக் கொண்டு பெஞ்சோ மேசையோ அலமாரியோ செய்ய முழுத் தச்சுவேலையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யோசிக்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

புது மரத்தில் வேலை செய்யும்போது முதலில் அளவு, அப்புறம் மரம். ஐந்தடி மேசை வேண்டும் என்று முடிவு செய்கிறோம், ஆசாரி இத்தனை கன அடி என்று கணக்குச் சொல்கிறார், மரக்கடைக்குப் போகிறோம். பழைய மரத்தில் அப்படிப் போனால் பாதி மரம் துண்டாகி வீணாகும். இங்கே மரம்தான் முதலில் வருகிறது. ஆறடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமாக ஒரு கதவு கையில் இருக்கிறதென்றால், அது என்னவாக விரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஆறடிக்கு ஒன்றரை அடி என்பது உட்காரும் பெஞ்சின் அளவு. அதை நாற்காலியாக்க நினைத்தால் பத்து இடத்தில் அறுக்க வேண்டும். பெஞ்சாக்கினால் பலகையில் ரம்பமே படாது. குறைவாக அறுப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. மற்றதெல்லாம் அதிலிருந்து வருபவை.

நெதர்லாந்தின் கட்டிடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் 1934-இல் சரக்குப் பெட்டிகளுக்குப் பயன்படும் மலிவுப் பலகைகளை வைத்து நாற்காலியும் அலமாரியும் வடிவமைத்தார். பலகையின் அகலம் எதுவோ அதுவே சாமானின் அளவு. வாங்கியவர்களே வீட்டில் திருகிச் சேர்த்துக்கொள்ளலாம். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ரீட்வெல்ட் பெயரைக் கேள்விப்படாமலேயே நம் ஊரில் பரண் பலகையை இரண்டு செங்கல் அடுக்கின் மேல் போட்டு அலமாரி செய்தவர்கள் எத்தனையோ பேர். இருவரின் யோசனையும் ஒன்றுதான்.

கதவுக்குள் என்ன இருக்கிறது

பழைய கதவைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை நெடுஞ்சட்டங்கள். அவற்றை இணைத்து மூன்றோ நான்கோ குறுக்குச் சட்டங்கள். இவற்றுக்கு நடுவே மெல்லிய பலகைகள். குறுக்குச் சட்டத்தின் முனையில் கழுந்து செதுக்கி, நெடுஞ்சட்டத்தில் வெட்டிய துளைக்குள் செருகி, பல கதவுகளில் மூங்கில் ஆணியும் அடித்திருப்பார்கள். இந்த ஒரு இணைப்பைச் செய்யக் கற்றுக்கொள்ள உங்களுக்கும் எனக்கும் மாதக்கணக்காகும். அதை ஒரு ஆசாரி ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். கதவை நடுவில் அறுத்தால் அந்த உழைப்பைத்தான் அறுக்கிறீர்கள்.

நடுப்பலகைகள் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்காது. சட்டத்தின் உட்புறக் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், சும்மா செருகியிருக்கும். காரணம் உண்டு. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது விரியும், காயும்போது சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. குறுக்குவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது. ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்வதும் சித்திரையில் தானாகத் திறந்து ஆடுவதும் இதனால்தான். பலகை காடிக்குள் தாராளமாக நகர இடம் விட்டதால்தான் அந்தக் கதவு இத்தனை வருடம் வெடிக்காமல் இருக்கிறது. ஆகவே சாமான் செய்யும்போது அந்த நடுப்பலகையைச் சுற்றிலும் ஆணியடித்து இறுக்கிவிடாதீர்கள். அடுத்த கோடையில் நடுவில் பிளந்து நிற்கும்.

பழைய மரத்தின் பெரிய லாபமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. நாற்பது ஐம்பது கோடையும் மழையும் பார்த்த மரம் கோணவேண்டியதெல்லாம் கோணி முடித்திருக்கும். இன்று மரக்கடையில் வாங்கும் சரியாகக் காயாத பலகையை விட அது நம்பிக்கையானது.

எதை எடுப்பது, எதை விடுவது

வெட்டிய முனையைப் பாருங்கள். நடுவில் அடர்ந்த நிறமும் ஓரத்தில் வெளிறிய பட்டையும் தெரியும். அடர்ந்த பகுதியை வைரம் என்பார்கள், வெளிறியதை வெள்ளை என்பார்கள். தேக்கு கரையான் அரிக்காத மரம் என்று சொல்வது வைரத்துக்குத்தான் பொருந்தும். தேக்கின் வெள்ளையைக் கரையான் மற்ற மரத்தைப் போலவே தின்னும். காலுக்கும் சட்டத்துக்கும் வைரம் பாய்ந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளை இருக்கும் துண்டுகளை உட்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிலையின் அடிப்பகுதி பெரும்பாலும் இற்றுப்போயிருக்கும். தரை கழுவும் தண்ணீர் வருடக்கணக்காக ஏறிய இடம் அது. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் போதும். உள்ளே இறங்கினால் அந்த ஆறு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட வேண்டியதுதான், லப்பம் வைத்து மூடுவதில் பயனில்லை.

குண்டூசித் தலை அளவு துளைகள் தெரிந்தால் அது உளு விழுந்த மரம். துளை இருப்பதாலேயே பயப்பட வேண்டாம், பூச்சி போய் இருபது வருடம்கூட ஆகியிருக்கலாம். மரத்தைத் தட்டிச் சுத்தம் செய்து, அடியில் கறுப்புத் துணியோ காகிதமோ விரித்து, சில வாரம் அப்படியே விடுங்கள். புதிதாக மாவு போன்ற தூள் விழுந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. போரிக் அமிலமும் வெங்காரமும் கரைத்த நீரை வெற்று மரத்தில் திரும்பத் திரும்பப் பூசினால் மரத்துக்குள் ஊறிப் பூச்சியைத் தடுக்கும். பெயிண்டின் மேல் பூசினால் உள்ளே போகாது, மழையில் நனையும் சாமானில் பூசினால் கரைந்து ஓடிவிடும். மண்ணெண்ணெய் பட்ட பூச்சி சாகும் என்பது உண்மைதான். ஆனால் ஆழத்தில் இருப்பதைத் தொடாது, வாடை மட்டும் மாதக்கணக்கில் நிற்கும்.

பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் நிறைய உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்பு எதுவானாலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பெயிண்டை மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூசு காற்றில் பரவித் தரையில் படியும். தரையில் தவழும் குழந்தையின் கைக்குத்தான் அது முதலில் போகும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நீர்ப்பேப்பரால் ஈரமாகத் தேய்க்கலாம், அல்லது பெயிண்ட் ரிமூவர் பூசிச் சுரண்டலாம். முகத்தில் நல்ல மாஸ்க், கீழே பழைய பாய் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. சுரண்டியதைச் சுருட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள், கொல்லையில் எரிக்காதீர்கள். பெயிண்ட் உரியாமல் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல் மேலே புதுப் பூச்சு அடித்து மூடிவிடுவதும் ஒரு வழி.

தொழிற்சாலை வாசலிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும் சரக்குப் பலகை மேடைகளை, அதாவது பேலட்டுகளை, இப்போது பலரும் விரும்பி வாங்குகிறார்கள். அதன் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். ஏற்றுமதிக்குப் போகும் மரத்துக்கு உலக அளவில் 2002-இல் வகுத்த விதிப்படி அடிக்கும் முத்திரை அது. அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, தைரியமாக எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகை காட்டியது, வீட்டுக்கு வேண்டாம். முத்திரையே இல்லாதது உள்ளூர் பேலட்டாக இருக்கலாம். அதில் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் அது எந்தச் சரக்கைச் சுமந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விட்டுவிடுங்கள்.

இன்னொன்று பார்ட்டிகிள் போர்டு. கம்ப்யூட்டர் மேசை, மலிவு வார்ட்ரோப் எல்லாம் பெரும்பாலும் அதுதான். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. ஒருமுறை திருகைக் கழற்றினால் அந்தத் துளை மறுபடி பிடிக்காது, ஒருமுறை நனைந்தால் ஊதிப்போகும். அதைக் காப்பாற்ற நினைப்பது வீண் பாசம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறக்கிய பர்மாத் தேக்குக் கதவும் தூணும் சட்டமும் வரிசையாக நிற்கும். பார்க்கப் போகலாம், கண்ணுக்கு விருந்து. ஆனால் சிற்பம் செதுக்கிய நிலையை வாங்கிவந்து டீப்பாய் செய்யும் வேலையில் எனக்கு உடன்பாடில்லை. தொடங்குகிறவருக்கு வேண்டியது சாதாரண வீட்டின் சாதாரண அறைக் கதவு. அதை இடிப்பு ஒப்பந்தக்காரரிடமோ பழைய மரக்கடையிலோ கேட்டால் போதும். வாசல் நிலையாக இருந்தால் மட்டும் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்ட படியில் உட்காருவதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதிலும் இருக்காது. அறைக் கதவென்றால் இந்தப் பேச்சு வராது.

ஆணி பிடுங்கும் நாள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பாதி நேரம் இதில்தான் போகும். குறடை நேராக மரத்தின் மேல் ஊன்றி நெம்பினால் மரத்தில் பள்ளம் விழும். அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து அதன்மேல் ஊன்றி நெம்ப வேண்டும். தலை துண்டான ஆணியைப் பின்பக்கத்திலிருந்து தட்டி வெளியே கொண்டுவரலாம். துருப்பிடித்த திருகை முதலில் கொஞ்சம் இறுக்கித் துருவின் பிடியை உடைத்துவிட்டு, அப்புறம் கழற்றினால் வரும். அதற்கும் மசியாவிட்டால் சால்டரிங் அயர்னைத் திருகின் தலையில் வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டுக் கழற்றுங்கள்.

எல்லாம் பிடுங்கிவிட்டோம் என்று தோன்றிய பிறகு ஒரு காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பழுதான ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தமே போதும். புதைந்த ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். மரம் அறுக்கும் மில்லில் பழைய மரம் என்றாலே தயங்குவது இதனால்தான். ஒரே ஒரு ஆணி அவர்கள் வாளின் பற்களைக் கெடுத்துவிடும், தெறித்தால் ஆளுக்கும் ஆபத்து. காந்தம் வைத்துப் பார்த்தாயிற்று என்று சொன்னால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வளைவு, ஆட்டம், பிடிப்பு

எந்தச் சாமானும் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான்.

வளைவைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்தால் போதும். நாலு அங்குல அகலமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள ஒரு ரீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் படுக்கவைத்து இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் கையை ஊன்றினால் வளையும். அதே ரீப்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி ஊன்றினால் அசையாது. நிறுத்தி வைத்ததன் விறைப்பு, படுக்கவைத்ததைப் போல 16 மடங்கு. அகலம் கூடினால் விறைப்பு அதே அளவுதான் கூடும். ஆனால் உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது. அதனால் பலகை மெல்லியதாக இருக்கிறதே என்று கவலைப்பட்டுக் கனமான பலகையைத் தேட வேண்டாம். அடியில் ஒரு சட்டத்தை நிறுத்தி வைத்துத் திருகினால் வேலை முடிந்தது. தாங்கும் இடைவெளியைப் பாதியாக்கினாலும் இதேபோலப் பெரிய பலன் உண்டு. நடுவில் எடை வைத்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். புத்தக அலமாரி மூன்றடி இடைவெளியில் தொய்வதும் ஒன்றரை அடியில் தொய்யாமல் நிற்பதும் இப்படித்தான்.

ஆட்டம் வேறு. நாலு கால் மேசை எவ்வளவு கனமாக இருந்தாலும் பக்கவாட்டில் தள்ளினால் ஆடுகிறதென்றால், செவ்வகம் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நாலு குச்சியை முனையில் ஒவ்வொரு ஆணியால் சேர்த்துச் சதுரம் செய்து தள்ளிப் பாருங்கள், உடனே சாய்ந்துவிடும். குறுக்கே மூலைக்கு மூலை இன்னொரு குச்சி அடித்தால் அசையாது, ஏனென்றால் இப்போது அது இரண்டு முக்கோணம். முக்கோணத்தைச் சாய்க்க வேண்டுமானால் குச்சியையே உடைக்க வேண்டும். மூலையில் சிறு சாய்வுக்கட்டை, அல்லது பின்னால் ஒரு பிளைவுட் தகடு, அல்லது காலின் மேற்பகுதியில் நாலு அங்குல உயரச் சட்டம், இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். பழைய பீரோ ஆடுகிறது என்று காலுக்கடியில் அட்டையை மடித்து வைக்கும் முன் அதன் முதுகுத் தகட்டைப் பாருங்கள். ஆணி கழன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

பிடிப்பு என்பது திருகும் பசையும். தேக்கிலும் வேங்கையிலும் துளை போடாமல் திருகினால் மரம் பிளக்கும். திருகின் தண்டைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, மரையில் கொஞ்சம் மெழுகோ சோப்போ தடவித் திருகுங்கள். மேல்பலகையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு நீளம் அடிக்கட்டைக்குள் போனால் நல்லது. மரத்தின் வெட்டு முனையில், அதாவது நார்கள் முடியும் பக்கத்தில், திருகு சரியாகப் பிடிக்காது. நாரின் குறுக்கே போகும்படி இடம் பாருங்கள். ஃபெவிகால் வெற்று மரத்தில்தான் ஒட்டும், பெயிண்டில் பூசினால் பெயிண்டைத்தான் ஒட்டியிருப்பீர்கள். ஒட்டிய பிறகு கிளாம்ப் போட்டோ, கயிறு சுற்றிக் குச்சியால் முறுக்கியோ ஒரு இரவு இறுக்கி வைக்க வேண்டும்.

ஒரு பெஞ்ச்

இரட்டைக் கதவில் ஒரு கதவையும் அதன் நிலையையும் எடுத்துக்கொள்வோம். கதவு ஆறடி நீளம், பதினெட்டு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். நிலைச் சட்டம் நாலுக்கு மூன்று அங்குலம், ஒரு பக்கத் தூண் ஆறரை அடி.

உட்காரும் உயரம் பதினெட்டு அங்குலம் வேண்டும். கதவின் கனம் போக, கால் பதினாறரை அங்குலம். நாலு காலுக்கு அறுபத்தாறு அங்குலம். எழுபத்தெட்டு அங்குலத் தூணில் இற்றுப்போன அடியை ஆறு அங்குலம் வெட்டி எறிந்தாலும் நாலு காலும், ரம்பம் தின்னும் மரமும் சேர்த்து அடங்கிவிடும். மற்றத் தூணை மில்லில் கொடுத்து நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொன்னால், நாலு அங்குல உயரத்தில் இரண்டு நீளச் சட்டங்கள் கிடைக்கும். நிலையின் மேல்சட்டத்தில் காலைக் குறுக்காக இணைக்கும் துண்டுகள். ஒரு வாசலே ஒரு பெஞ்சுக்கு வேண்டிய மரத்தை அளந்து கொடுத்த மாதிரி ஆகிறது. கீல் உட்கார்ந்த பள்ளங்கள் காலில் தெரியும். நான் அவற்றை லப்பம் வைத்து அடைக்கமாட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் இரண்டு கால்களை மேல்முனையில் பதினைந்து அங்குலக் குறுக்குத் துண்டால் இணைத்து ஒரு ஜோடி செய்யுங்கள். அதேபோல இன்னொன்று. இந்த இரண்டு ஜோடியையும் நீளச் சட்டங்களால் இணையுங்கள், சட்டத்தை நிறுத்திவைத்து, காலின் மேற்பகுதியோடு சமமாக. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு திருகு, நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று மாற்றி. பசையும் பூசுங்கள். மூலைமட்டம் வைத்து, மூலைக்கு மூலை அளந்து பார்த்து, இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் இறுக்கலாம்.

கால் ஜோடி கதவின் முனையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? பலகை குறைவாக வளைய வேண்டுமானால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ள வேண்டும் என்பது கணக்கு. ஆறடிக்குப் பதினைந்து அங்குலத்துக்கு மேல் வருகிறது. ஆனால் கல்யாண வீட்டு பெஞ்சில் ஓரத்தில் இருந்தவர் விழுந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. மற்றவர்கள் எழுந்துவிட, ஓரத்தில் கனமான ஒருவர் மட்டும் இருந்தால் மறுமுனை தூக்கிவிடும். வீட்டு பெஞ்ச் எடை குறைவு, அதனால் எட்டிலிருந்து பத்து அங்குலத்துக்குள் வைப்பதே நல்லது. அடியில் நிறுத்திய நீளச் சட்டம் இருப்பதால் வளைவைப் பற்றிக் கவலை இல்லை.

கதவைச் சட்டகத்தின் மேல் வைக்கும்போது நெடுஞ்சட்டத்திலும் குறுக்குச் சட்டத்திலும் மட்டும் திருகு போகட்டும், கீழிருந்து மேலாக. நடுப்பலகை அரை அங்குலம்தான் இருக்கும். குழந்தை அதன்மேல் ஏறிக் குதித்தால் உடையலாம். ஒவ்வொரு நடுப்பலகைக்கும் அடியில் ஒரு தாங்குக்கட்டையைக் கொடுத்து, அதன் இரு முனையையும் நெடுஞ்சட்டத்தில் மட்டும் திருகுங்கள். பலகை அதன்மேல் சும்மா தங்கியிருக்கட்டும். மேலே பள்ளமாக இருக்கிறதே, உட்கார வசதியா என்று கேட்டால், ஒரு மெல்லிய மெத்தை போட்டால் சரியாகிவிடும். சமதளம் வேண்டும் என்பவர்கள் கதவைத் திருப்பிப் பார்க்கலாம், சில கதவுகளில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்.

இதே கதவை முப்பது அங்குல உயரக் காலில் ஏற்றினால் குறுகிய எழுத்து மேசை. ஒற்றைக் கதவாக இருந்து இரண்டரை அடி அகலம் இருந்தால் சாப்பாட்டு மேசை, மேலே ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் சோற்றுப் பருக்கை பொறுக்கியே பொழுது போகும்.

மரம் தவிர

கடப்பாக்கல் மேசைப் பலகையாக நன்றாக இருக்கும், சூடு தாங்கும். ஆனால் நாலடிக்கு இரண்டடி, ஒரு அங்குலக் கனம் என்றால் எடை ஏறக்குறைய 50 கிலோ. இரண்டு பேர் இல்லாமல் தூக்காதீர்கள், எப்போதும் செங்குத்தாக நிறுத்தித் தூக்குங்கள். படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே உடையும்.

பழைய கால்மிதித் தையல் மெஷினின் ஸ்டாண்டு இதற்கு நல்ல ஜோடி. வார்ப்பிரும்பு, அழுத்தத்தை அருமையாகத் தாங்கும், ஆனால் சுத்தியால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். சாதாரண வெல்டிங்கும் அதில் சரியாக நிற்காது. ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளையே பயன்படுத்துங்கள். மிதி ஆடிக்கொண்டிருந்தால் குழந்தையின் விரல் மாட்டும், கட்டிவிடுங்கள்.

இரும்புக் கட்டில் சட்டம் நேராக இருந்தால் நைலான் நாடா பின்னிக்கொள்ளலாம், பெயிண்ட் அடித்துத் தாழ்வாரத்தில் போட்டால் திவானாகிவிடும். டயரில் கயிறு சுற்றிய முக்காலி படத்தில் மட்டுமே அழகு என்பது என் கருத்து. நம் ஊர் வெயிலில் அறைக்குள் ரப்பர் வாடையும், கயிற்று இடுக்கில் தூசும், டயருக்குள் எலியும்.

கடைசி வேலைகள்

உப்புத்தாளை 80-இல் தொடங்கி 120, 180 என்று ஏறுங்கள், எப்போதும் நார் ஓடும் திசையில். தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் நன்றாகப் பிடிக்கும். மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். மற்ற மரங்களுக்கும் அடிக்கடி துடைக்க வேண்டிய மேசைக்கும் வார்னிஷ் வசதி.

செய்து முடித்த சாமான் மூன்று காலில் நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருக்கும், இது எல்லோருக்கும் நடப்பது. ஆடுகிறதே என்று உடனே ஒரு காலை அறுக்காதீர்கள், அடுத்தது இன்னொரு கால் என்று அறுத்து அறுத்துப் பெஞ்ச் மணையாகிவிடும். மட்டமான தரையில் நிறுத்தி, தூக்கிய காலுக்கடியில் மெல்லிய அட்டைகளைச் செருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். அப்புறம் பெரிய இடைவெளியின் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை எடுத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நாலு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். நாலு கோடும் தரைக்கு ஒரே உயரத்தில் இருக்கும். கோட்டில் அறுத்தால் நாலு காலும் ஒன்றாக உட்காரும்.

அறுத்த அந்த அடிமுனைகளில் நீர் தாங்கும் வகைப் பசையோ வார்னிஷோ இரண்டு முறை ஊறவிட்டுப் பூசி, ரப்பர் புஷ் மாட்டுங்கள். தரை துடைக்கும் தண்ணீர் நார்களின் வழியே ஏறுவது அங்கிருந்துதான், நிலையின் அடி இற்றுப்போனதும் அப்படித்தான்.